ஒட்டிக்கொண்ட வரி

அந்தப் பையில் இருப்பது லேப்டாப்தானே? மேலே வைக்காதீர்கள், சார். இந்தப் பஸ் டிரைவர் நாங்குநேரி தாண்டினால் மேடு பள்ளம் பார்க்க மாட்டான். மடியிலேயே இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே ஓடுவது விண்டோஸா, லினக்ஸா?

தெரியாதா? ஆபீஸில் கொடுத்ததா? நல்லது, தெரியாமலே இருங்கள். தெரிந்துகொண்டு நான் பட்ட பாடு போதும். திருநெல்வேலி போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், சொல்கிறேன்.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆசீர் பொன்ராஜ் என்று சவுதியில், தம்மாமில் போய்க் கேட்டுப் பாருங்கள். இருபத்திரண்டு வருஷம் டாகுமென்ட் கன்ட்ரோலர். ஒரு பைப்லைன் போடுகிறார்கள் என்றால் நாலாயிரம் வரைபடம் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், திருத்தம் எத்தனையாவது என்று ஒரு எண், ஒரு முத்திரை. எது புதுசு, எது பழசு, எது யார் கைக்குப் போக வேண்டும், எல்லாம் என் விரல் நுனியில். உள்ளே என்ன வரைந்திருக்கிறது என்று ஒரு நாள் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது, அதுதான் அந்த வேலையின் ஒழுக்கம். நம்பர் சரியா, ஓரம் சரியா, கையெழுத்து இருக்கிறதா, முடிந்தது, அடுத்த காகிதம். எகிப்துக்காரன், பிலிப்பைன்ஸ்காரன் எல்லாரும் "மிஸ்டர் பொன்ராஜ், ஃபைல் எங்கே?" என்று என் மேஜைக்குத்தான் வருவான். மிஸ்டர், சார். அங்கே எனக்கு மிஸ்டர்.

பிறகு உள்ளூர்க்காரனுக்குத்தான் வேலை என்று சட்டம் வந்தது. ஐம்பதாவது வயதில் இரண்டு பெட்டியோடும் ஒரு நற்சான்றிதழோடும் வந்து இறங்கினேன். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் படிக்கின்றன. ஒரு வருஷம் சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் ஊரில் ஒருவன் விசாரிப்பான், இன்னொருவன் விசாரிக்காமல் சிரிப்பான். கடைசியில் வள்ளியூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆபீஸ் வேலை, தற்காலிகம். அங்கே சூப்பிரண்டு சிவசைலம் அண்ணாச்சி எனக்குத் தூரத்துப் பழக்கம். அவர்தான் சொன்னார்: "வே, நான் மே மாசம் ரிட்டையர்டு. அதுவரை பொறுத்துக்கிடும். பெறவு பாப்போம்."

அந்தப் 'பெறவு பாப்போம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நானும் என் வீடும் நாளை ஓட்டினோம். அவர் எழுந்தால் அந்த நாற்காலி யாருக்கு? இரண்டு பேர்தான். ஒன்று நான். இன்னொன்று முப்பிடாதி.

முப்பிடாதி யார் என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அந்த ஆபீஸில் இருக்கிறாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். அவள் அம்மா அதே கல்லூரியில் முப்பது வருஷம் கூட்டிப் பெருக்கினவள். நான் அந்தஸ்து பார்க்கிறவன் இல்லை, சார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்மாமில் எல்லாரோடும் ஒரே மேஜையில் சாப்பிட்டவன். ஆனால் ஒரு வரைமுறை உண்டு இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், அது என் கம்ப்யூட்டர் இல்லை! திரை முழுக்கக் கத்தரிப்பூ நிறம், நடுவில் ஏதோ ஒரு மிருகத்தின் முகம். என் ஃபைல்கள், என் வரிசை, எதுவும் காணோம். இருந்த விண்டோஸ் எல்லாம் காசு கொடுக்காமல் ஒரே தட்டிலிருந்து நகல் எடுத்துப் போட்டதாம். வக்கீல் நோட்டீஸ் வந்ததாம். தாளாளர் பயந்துவிட்டார். முப்பிடாதி போய், "லினக்ஸ்னு இலவசமா ஒண்ணு இருக்கு சார், நான் போட்டுத் தாரேன்" என்றிருக்கிறாள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் பதினோரு மெஷினையும் மாற்றிவிட்டாள். எங்கே படித்தாள் என்று கேட்காதீர்கள். செல்போனில் வீடியோ பார்த்தாளாம்.

அடுத்தவன் செருப்பில் காலை விட்டிருக்கிறீர்களா, அதுவும் ஈரச் செருப்பில்? அப்படி இருந்தது எனக்கு. மூடுகிற பெருக்கல் குறி இடது பக்கம், சார். இடது பக்கம்! பந்தியில் ஒருவன் இடது கையால் சோறு போட்டால் சாப்பிடுவீர்களா? சி டிரைவ் எங்கே என்று தேடினேன். இல்லையாம். டி டிரைவ்? அதுவும் இல்லை. எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் கிடக்குமாம். அடுப்படியும் கக்கூஸும் ஒரே அறையில் இருக்கிற மாதிரி. ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'நோட்டீஸ்' என்று ஒரு ஃபைல் வைத்தேன், மறுநாள் சின்ன எழுத்தில் ஒன்று வைத்தேன். இரண்டையும் தனித்தனி ஆளாக உட்கார வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து முழிக்கிறது. தம்மாமில் ஒருவன் ஒரே பெயரில் இரண்டு காகிதம் வைத்திருந்தால் அன்றைக்கே அவனை விமானம் ஏற்றியிருப்பேன். எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்கும். என் மேஜை, என் மெஷின், நான் யார் என்று நானே அதற்கு நாளைக்குப் பத்துத் தடவை சொல்ல வேண்டும்.

இதெல்லாம் கூடப் போகட்டும். ரிஃப்ரெஷ் இல்லை, சார்! வெறும் இடத்தில் வலது பொத்தானை அமுக்கி ரிஃப்ரெஷ் கொடுப்போமே, நீங்களும் கொடுப்பீர்கள்தானே? காலையில் வந்ததும் ஐந்து, ஆறு தடவை. ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவில் இரண்டு தடவை. அதனால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டருக்குத் தெளியும், எனக்கும் தெளியும். இந்தச் சனியனில் அமுக்கினால் என்னென்னமோ வருகிறது, அது மட்டும் வரவில்லை. முப்பிடாதியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது வேண்டாம் அண்ணாச்சி. இது எப்பவும் தானாவே புதுசாத்தான் இருக்கும்."

"தானாவே புதுசா இருக்கும்னு நீ எப்படிச் சொல்லுத?"

"இருக்குதே, அண்ணாச்சி," என்று சிரித்தாள்.

சிரிக்கிறாள், பாருங்கள். அந்த ஆபீஸில் எல்லாரும் சிரித்தார்கள். சிவசைலம் அண்ணாச்சி கூட, "சவுதிலயே பெட்ரோல தண்ணியா ஓட விட்டவரு, இங்க ஒரு மவுஸ்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்காரு" என்றார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். வேடிக்கையா அது?

தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்து முப்பிடாதி என் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காருவாள். நான் கூப்பிட்டேனா? இல்லை. "அண்ணாச்சி, இத இப்படிச் செஞ்சா லேசு", "அண்ணாச்சி, அத அங்க வைக்காதீங்க". சொல்லும்போதே என் மவுஸை எடுத்துவிடுவாள். அவள் போனதும் ஒரு ஈரத் துணியால் மவுஸைத் துடைத்துவிட்டுத்தான் தொடுவேன். சுத்தம், சார், எல்லாருக்கும் உள்ளதுதான். ஒரு நாள் நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது மறந்து வைத்த பேனாவை எடுக்கத் திரும்பி வந்தாள். பார்த்தாள். மறுநாளும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் அன்றிலிருந்து மவுஸைத் தொடமாட்டாள், வாயால்தான் சொல்வாள். என்ன அழுத்தம் பாருங்கள்.

அப்படி ஒரு நாள்தான், "அண்ணாச்சி, இன்னொண்ணு. இந்த மவுஸ் நடுவுல சக்கரம் இருக்குல்லா..." என்று ஆரம்பித்தாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"சக்கரம் உருட்ட எனக்குத் தெரியும்மா. நீ பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருக்கையிலேயே நான் மவுஸ் பிடிச்சவன்."

"சரி அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததா," என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்கு அப்போது ஒன்று தெளிவாகிவிட்டது. இவள் ஏன் எனக்குச் சொல்லித் தர வேண்டும்? எனக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லார் கண்ணிலும் படுவதற்குத்தான். மெஷினை மாற்றினதே அதற்காகத்தான் என்று எனக்குப் பட்டது. பழைய மெஷினில் எனக்கு இணையா அவள்? வழியில் நேராக நின்றால் தோற்றுவிடுவோம் என்று வழியையே மாற்றிவிட்டாள்.

அதனால் தாளாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை, சார். என் பிள்ளைகள் மேல் ஆணையாக அனுப்பவில்லை. அடித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். மனதில் இருப்பதை ஒரு இடத்தில் இறக்கி வைத்தால் லேசாக இருக்கும் இல்லையா? தினமும் ஒரு தடவை திறந்து படிப்பேன். எனக்குப் படிக்கும்போது வரிகளின் மேல் மவுஸை இழுத்து நீலமாக்கிப் படிக்கிற பழக்கம் உண்டு. அதில் இரண்டு வரி நன்றாக விழுந்திருந்தது. அதை மட்டும் அடிக்கடி நீலமாக்குவேன்.

மே மாதம் வந்தது. சிவசைலம் அண்ணாச்சிக்குப் பிரிவு உபசார விழா. வாழ்த்து மடல் போட வேண்டும் இல்லையா? ஆங்கிலம் நடத்துகிற விரிவுரையாளர் ஒருவர் தமிழில் கவிதை எழுதுவார், அவர்தான் எழுதிக் கொடுத்தார். 'பண்பின் சிகரமே! பணிவின் உறைவிடமே!' என்று பத்திக்குப் பத்தி ஒரு ஏகாரம். அடிக்கிற வேலை எனக்கு வந்தது. நானே கேட்டு வாங்கினேன். விழாவில் தாளாளர் இருப்பார், மடலை யார் அடித்தது என்று கண்டிப்பாகக் கேட்பார்.

இரண்டு நாள் உட்கார்ந்து அடித்தேன். சுற்றிலும் பூ வேலைப்பாடு, மேலே கல்லூரிச் சின்னம், கீழே எல்லார் பெயரும் வரிசையாக. முடித்துவிட்டு, வழக்கம்போல அந்தக் கடிதத்தைத் திறந்து ஒரு தடவை படித்தேன். மறுபடி மடலுக்கு வந்து, மேலும் கீழும் சக்கரத்தை உருட்டி ஓரம் பார்த்தேன். என் விரல் கனத்த விரல், சார். கீழே பெயர் வரிசை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப் போயிருந்தது. அட, கொஞ்சம் முன்னால் சரியாகத்தானே இருந்தது என்று நினைத்தேன். இந்தச் சனியனின் வழக்கம்தானே என்று எழுத்தை ஒரு புள்ளி குறைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. சின்னம் சரி, ஓரம் சரி, பெயர் வரிசை சரி. திருநெல்வேலியில் கெட்டித் தாளில் அச்செடுத்து, கண்ணாடி போட்டு, தங்க நிறத்தில் பிரேம் கட்டிக் கொண்டுவந்தேன்.

படித்துப் பார்க்கவில்லையா என்று கேட்கிறீர்கள். இப்போதுதானே சொன்னேன், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை இல்லை.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மடலை வாசிக்கச் சொல்லி முப்பிடாதியைக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கணீரென்ற குரல், அவர்கள் ஊர்க் கோயில் கொடையில் மைக் பிடிக்கிறவள். பிரேமை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் வாட்ச்மேன், ஒரு பக்கம் நான். எனக்குப் பிரேமின் முதுகுப் பலகைதான் தெரியும். எதிரே அவள் முகம்.

வாசித்தாள். ஒவ்வொரு ஏகாரத்துக்கும் கைதட்டல். மூன்று பத்தி போனது. நான்காவது பத்தியில் பாதி. அதே குரலில், அதே வேகத்தில் வருகிறது:

"முப்பிடாதியின் தாயார் இந்தக் கல்லூரியில் கூட்டிப் பெருக்கியவர்..."

அது என் வரி, சார்.

அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும். '...என்ற இரக்கத்தினால் மட்டுமே அவருக்கு இங்கு வேலை கொடுக்கப்பட்டது. அப்படிப்பட்டவரைச் சூப்பிரண்டு நாற்காலியில் உட்கார வைத்தால் நாளை இந்த அலுவலகத்தை யார் மதிப்பார்கள்?' அதுதான் நன்றாக விழுந்த இரண்டு வரி.

நிறுத்தினாள். கண் வரியிலிருந்து எழுந்து, பிரேமுக்கு மேலே வந்து, என் முகத்தில் நின்றது. ஒரு நொடி இருக்கும். அவள் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள், சிவசைலம் அண்ணாச்சி ஆள் விட்டு அழைத்திருந்தார். முப்பிடாதி மறுபடி பிரேமைப் பார்த்தாள். படிக்கிற மாதிரியே, ஒரு சொல் தடுக்காமல் சொன்னாள்:

"...என்ற இரக்கத்தினால் அல்லாமல், அவரும் ஒரு மனுஷி என்ற மதிப்பினால், தன் எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசிய பெருந்தகையே!"

என்ன கைதட்டல் தெரியுமா! அந்த அம்மாள் எழுந்து நின்று கும்பிடுகிறாள். சிவசைலம் அண்ணாச்சி மேடையிலேயே கண்ணைத் துடைக்கிறார். அந்தக் கவிதை வாத்தியார் மட்டும், நான் இதை எப்போது எழுதினேன் என்கிற மாதிரி முழிக்கிறார். எனக்கு ஒரே அருவருப்பு. யார் மேல் என்றா கேட்கிறீர்கள்? அந்த மெஷின் மேல்தான், சார். வேறு யார் மேல்? ஒருவன் தன் மனதுக்குள் வைத்திருந்ததைக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் போடுகிற மெஷின் ஒரு மெஷினா?

மறுநாள் காலையில் முப்பிடாதி என் மேஜைக்கு வந்தாள். முக்காலி கொண்டுவரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"சார், இந்தச் சக்கரத்த உருட்ட மட்டும்தான் செய்யணும். அமுக்கினா, கடைசியா எத நீலமாக்கி வச்சீங்களோ அது வந்து அங்க ஒட்டிக்கிடும். காப்பி கொடுக்கவே வேண்டாம், இதுல அப்படித்தான். அன்னைக்குச் சொல்ல வந்தேன். இப்ப அத நிப்பாட்டிட்டேன். இனிமே ஒட்டாது."

அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பதில் சொல்லியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சிவசைலம் அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். ரிட்டையர்டு ஆன மனுஷனுக்கு வேறு என்ன வேலை? மடலைச் சுவரில் மாட்டிவிட்டு, கண்ணாடி போட்டு எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறார்.

"என்ன வே இது, நாலாவது பத்தியில?"

"கம்ப்யூட்டர் பண்ணின கோளாறு அண்ணாச்சி. அதுவா எடுத்து ஒட்டிருச்சு."

"ஒட்டினது கம்ப்யூட்டரு. சரி. எழுதினது யாரு?"

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

"வே, கேளும். விழாவுக்கு ஒரு வாரம் முன்னாலயே முப்பிடாதியக் கூப்பிட்டு, நாற்காலி உனக்குத்தான்னு சொன்னேன். அதுக்கு அவ, எனக்கு வேண்டாம் சார், ஆசீர் அண்ணாச்சிக்குக் குடுங்க, ரெண்டு பொம்பளப் புள்ள வச்சிருக்காவ, வெளிநாட்டுல ராசா மாதிரி இருந்துட்டு இங்க வந்து ஒடுங்கிப் போய் உக்காந்திருக்காவ, கம்ப்யூட்டர் மட்டும் கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டா தேறிருவாவன்னு சொன்னா. தாளாளர் அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டாரு. ஆர்டர் திங்கட்கிழமை வரும். வாங்கிக்கிடும்."

அண்ணாச்சி, சிக்னல் சரியாக இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

எனக்குப் புரியவே இல்லை, சார். வேண்டாம் என்றவள் முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே? சொல்லியிருந்தால் நான் ஏன் அந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன்? ஒருவரை இப்படித் தெரியாமல் கடன்காரனாக்குவது எந்த ஊர் நியாயம்? நீங்களே சொல்லுங்கள்.

சரி. வெயில் உங்கள் பக்கம் வந்துவிட்டது, திரையை இழுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். வீட்டில் பாயசம். ஊரில் விசாரிக்காமல் சிரித்தவன் வந்து கை கொடுத்தான். முப்பிடாதியும் வந்து வணக்கம் சொன்னாள். "வாழ்த்துக்கள் சார்" என்றாள். விழாவுக்கு மறுநாளிலிருந்து அவள் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை, சார்தான். சூப்பிரண்டு என்றால் சார்தானே? அது மரியாதைதானே?

வாழ்த்திவிட்டு ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தாள். கையால் எழுதியிருந்தாள். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, தன்னை ஆபீஸிலிருந்து மெக்கானிக்கல் லேபுக்கு ஸ்டோர் கீப்பராக மாற்றும்படி கேட்டிருந்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று இருந்தது. அந்த லேப் காம்பவுண்டின் கடைசியில், தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில். அங்கே கம்ப்யூட்டர் கூடக் கிடையாது. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் தன் மேஜை டிராயரைக் காலி செய்யப் போய்விட்டாள்.

அவளை விடுவிக்கும் ஆணையை நான்தான் அடிக்க வேண்டும். சூப்பிரண்டாக என் முதல் கடிதம். ரிஃப்ரெஷ் தேடவில்லை. சக்கரத்தை அமுக்கவில்லை. மூடுகிற குறிக்கு என் கை தானாகவே இடது பக்கம் போனது. அச்செடுப்பதற்கு முன்னால், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு காகிதத்தை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு சொல்லாகப் படித்துப் பார்த்தேன். இரண்டு தடவை படித்தேன். அவள் பெயர் அதில் மூன்று இடத்தில் வந்தது, மூன்றிலும் நின்று நின்று படித்தேன்.

ஒரு பிழை இல்லை, சார். அந்தச் சனியனில் ஒரு பிழையும் இல்லாமல் நான் அடித்த முதல் கடிதம் அதுதான்.